தட்டில் செத்த கிருமியும் அப்பாவின் காலும்

கேள்வி: வணக்கம் டாக்டர். நாங்கள் தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரை ஒட்டிய ஃபீனிக்ஸில் இருக்கிறோம். அப்பாவுக்கு 64 வயது. நெடுநாளாகச் சர்க்கரை நோய் உண்டு. இந்தத் தைப்பூசத்துக்குக் காவடி எடுத்து, வெயிலில் வெறுங்காலுடன் தார் ரோட்டில் நடந்தார். வலது கால் பெருவிரலுக்குக் கீழே கொப்புளம் கிளம்பி, உடைந்து, ஆறாத புண்ணாகிவிட்டது. முதலில் கொடுத்த ஆன்டிபயாடிக் பலிக்கவில்லை. புண்ணில் பஞ்சுக்குச்சி வைத்து எடுத்துப் பரிசோதித்ததில் எம்.ஆர்.எஸ்.ஏ. என்று வந்திருக்கிறது. மருந்துக்கு அடங்காத கிருமி என்கிறார்கள். இப்போது கோட்ரைமாக்சசோல் என்ற வேறு ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அப்பா இன்னும் தொடங்கவில்லை. வேம்பும் மஞ்சளும் சேர்ந்த சாறு இந்தக் கிருமியை 98 சதவீதம் கொன்றுவிடுகிறது என்று ஒரு செய்தியைச் சித்தப்பா காட்டுகிறார். இணையத்தில் அப்படி ஒரு சாற்றுக் குப்பியும் வாங்கிவிட்டார். கொல்லையில் வேப்பமரம் இருக்கிறது, இலையை அரைத்துப் புண்ணில் கட்டலாம் என்றும் சொல்கிறார். மாத்திரைக்குப் பதிலாக இதைக் கொடுத்துப் பார்க்கலாமா? ரிப்போர்ட்டில் உள்ளதையும், அப்பா சாப்பிடும் மாத்திரைகளையும் கீழே எழுதியிருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மாத்திரைக்குப் பதிலாக வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் படிப்பதை நிறுத்தினாலும் இது கையில் இருக்கட்டும்.

அப்பாவின் மாத்திரைப் பட்டியலில் சர்க்கரைக்கான மெட்ஃபார்மின், கிளிக்லசைடு இரண்டும், ரத்த அழுத்தத்துக்கான எனலாப்ரிலும் இருக்கின்றன. கோட்ரைமாக்சசோல் எனலாப்ரிலோடு சேரும்போது ரத்தத்தில் பொட்டாசியம் ஏறலாம். கிளிக்லசைடோடு சேரும்போது சர்க்கரை திடீரென்று இறங்கலாம். எழுதிக் கொடுத்த மருத்துவர் இதையெல்லாம் பார்த்தே கொடுத்திருக்கக்கூடும். இருந்தாலும் இன்றைக்கே கிளினிக்குக்குத் தொலைபேசியில் பேசி, "சிறுநீரகப் பரிசோதனையும் பொட்டாசியமும் பார்த்தாயிற்றா? அப்பா எனலாப்ரிலும் கிளிக்லசைடும் சாப்பிடுகிறார்" என்று இரண்டு வாக்கியம் சொல்லுங்கள். அவர்கள் சரி என்றதும் மாத்திரையைத் தொடங்கிவிடுங்கள்.

இனி ரிப்போர்ட். "மருந்துக்கு அடங்காத கிருமி" என்று கேட்டதும், இனி எந்த மருந்தும் இல்லை என்ற முடிவுக்கு வீட்டில் எல்லாரும் வந்துவிட்டது உங்கள் கடிதத்தில் தெரிகிறது. நீங்கள் எழுதி அனுப்பிய பட்டியலையே இன்னொரு முறை பாருங்கள். கிளாக்சசிலின், எரித்ரோமைசின், சிப்ரோஃப்ளாக்சசின் பெயர்களுக்கு எதிரே 'ஆர்' என்று இருக்கிறது. அவை இந்தக் கிருமியிடம் தோற்கும். கோட்ரைமாக்சசோல், வான்கோமைசின், லினசோலிட் மூன்றுக்கும் எதிரே 'எஸ்'. அவற்றுக்குக் கிருமி பணியும். அப்பாவுக்கு எழுதிய மாத்திரை அந்த 'எஸ்' வரிசையிலிருந்து எடுத்ததுதான். எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற பெயர் பென்சிலின் குடும்பத்து மருந்துகள் பலிக்காது என்பதைத்தான் குறிக்கிறது. மூலிகையைத் தவிர வேறு கதியில்லாத நிலை இங்கே வரவே இல்லை.

இன்னொன்று. புண்ணின் மேற்பரப்பில் குச்சியை உருட்டி எடுத்தால், அங்கே குடியிருக்கும் எல்லாக் கிருமிகளும் அதில் ஒட்டிக்கொண்டு வரும். எம்.ஆர்.எஸ்.ஏ. என்பது ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற கிருமியின் ஒரு வகை. ஸ்டஃபைலோகாக்கஸ் ஏறக்குறைய மூன்றில் ஒருவரின் மூக்கில் சும்மா உட்கார்ந்திருக்கும் கிருமி. அது புண்ணில் இருப்பதும் புண்ணைக் கெடுப்பதும் வேறு வேறு. புண்ணைச் சுற்றிச் சிவப்பு, வீக்கம், சூடு, வலி, சீழ் இவற்றில் குறைந்தது இரண்டு இருந்தால்தான் தொற்று என்று கணக்கிடுவோம். அடுத்த முறை கட்டு மாற்றும்போது, புண்ணைச் சுத்தம் செய்தபின் அடியிலிருந்து சிறிது சதையை எடுத்து அனுப்ப முடியுமா என்று சிஸ்டரிடம் கேளுங்கள். மருத்துவர் கம்பியை விட்டுப் பார்த்து எலும்பு தட்டுகிறதா என்று சொல்லட்டும். எலும்பு தட்டினால் சிகிச்சை ஓரிரு வாரத்தில் முடியாது, ஆறு வாரம்கூடப் போகலாம்.

சித்தப்பா காட்டிய செய்திக்கு வருவோம். அந்தச் செய்தியை நான் பார்க்கவில்லை. அதே அச்சில் வார்த்த செய்திகளை நிறையப் பார்த்திருக்கிறேன். என் வேலையே கிருமியைத் தட்டில் வளர்ப்பதுதான் என்பதால் தட்டில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு கண்ணாடித் தட்டில் கடற்பாசிக் கூழை ஊற்றி, அதன்மேல் கிருமியைப் பூசி, நடுவில் மருந்து தோய்ந்த சிறு காகித வட்டை வைப்போம். மறுநாள் வட்டைச் சுற்றிக் கிருமி வளராத தெளிவான வளையம் தெரியும். புகைப்படத்தில் பார்க்க மிக அழகாக இருக்கும். செய்திக்காரர்களுக்குப் பிடித்த படம் அது. ஆனால் சிப்ரோஃப்ளாக்சசின் வட்டில் இருப்பது வெறும் 5 மைக்ரோகிராம். மூலிகைச் சாற்றுக் கட்டுரைகள் பலவற்றில் வட்டுக்கு மில்லிகிராம் கணக்கில் சாற்றை ஏற்றுகிறார்கள். மில்லிகிராம் என்றால் ஆயிரம் மைக்ரோகிராம். இரண்டு வளையமும் ஒரே அகலம் என்று காட்டி "ஆன்டிபயாடிக்குக்கு நிகரானது" என்று எழுதுவது நியாயமே அல்ல. எண்ணெய்ப் பசையுள்ள தாவரப் பொருள்கள் கூழில் சரியாகப் பரவுவதும் இல்லை என்பதால், நல்ல சாறுகூட இந்தச் சோதனையில் தோற்றுப்போகலாம். வளையத்தை வைத்து மூலிகையைப் புகழவும் முடியாது, இகழவும் முடியாது.

இதற்கு மாற்றாக நம் நாட்டிலேயே ஒரு முறை வந்தது. ப்ரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் எலோஃப் 1998இல் வெளியிட்டது. சிறு சிறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில் சாற்றைப் பாதிப் பாதியாக நீர்த்துக்கொண்டே போய், கிருமியைச் சேர்த்து, கடைசியில் ஒரு சாயத்தை விடுவார்கள். கிருமி உயிரோடிருக்கும் குழி சிவக்கும். சாறு வென்ற குழி நிறமில்லாமல் நிற்கும். எந்தக் குழிவரை நிறமில்லை என்று பார்த்தால், கிருமியை அடக்கக் குறைந்தது எவ்வளவு சாறு வேண்டும் என்ற எண் கிடைத்துவிடும். செய்தியில் தேட வேண்டியது அந்த எண்ணைத்தான். ஒரு மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் அல்லது அதற்கும் கீழே என்றால் ஆராய்ச்சியாளர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆயிரக்கணக்கில் போனால் அது வெறும் தாளில் நிற்கும் வெற்றி.

மஞ்சளையே எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள குர்க்குமினுக்கு ஸ்டஃபைலோகாக்கஸை அடக்கத் தட்டில் பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு நூறு மைக்ரோகிராமுக்கு மேல் தேவைப்படுகிறது. 2001இல் தைவானில் நடந்த ஓர் ஆய்வில் மனிதர்களுக்கு நாளொன்றுக்கு 8 கிராம் குர்க்குமின் கொடுத்துப் பார்த்தார்கள். நம் சமையல் மஞ்சள்தூளில் அந்த அளவு வேண்டுமானால் கால் கிலோ அளவுக்குத் தின்ன வேண்டும். அவ்வளவு கொடுத்தும் ரத்தத்தில் தெரிந்த உச்ச அளவு மில்லிலிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம்கூட இல்லை. குடல் அதை உள்ளே விடுவதில்லை. விட்ட கொஞ்சத்தையும் கல்லீரல் மாற்றி வெளியே அனுப்பிவிடுகிறது. தட்டில் தேவைப்பட்டதற்கும் அப்பாவின் கால் ரத்தக்குழாயில் போய்ச் சேர்வதற்கும் இடையே நூறு மடங்குக்கு மேல் இடைவெளி. இந்தச் சிக்கலைச் சமாளிக்க மிளகுச் சத்தைச் சேர்த்த குளிகைகள் வருகின்றன. அவற்றைச் சாப்பிட்டவர்களில் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது.

"சாப்பிட வேண்டாம், மேலே பூசினால்?" என்று சித்தப்பா கேட்பார். நல்ல கேள்வி. மேலே பூசினால் அளவு போதும்தான். ஆனால் பழைய புண்ணில் கிருமி தனித்தனியாக மிதப்பதில்லை. பிசுபிசுப்பான படலத்தைப் போர்த்திக்கொண்டு, சீழுக்கும் செத்த சதைக்கும் அடியில் இருக்கிறது. சாறு அங்கே போய்ச் சேரும் முன் சீழிலுள்ள புரதங்களே அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதோடு, கிருமியைக் கொல்லும் பொருள் புண்ணை மூடவரும் புதிய செல்களையும் கொல்லாது என்பதற்கு என்ன உத்தரவாதம்? கழிவறையில் ஊற்றும் பிளீச்சும் தட்டில் எம்.ஆர்.எஸ்.ஏ.வை நூற்றுக்கு நூறு கொல்லும். அதை யாரும் காலில் ஊற்றச் சொல்வதில்லை.

அந்த 98 சதவீதக் கணக்கையும் முடித்துவிடலாம். ஒரு கிராம் சதையில் ஒரு கோடி கிருமி இருக்கிறது என்று வையுங்கள். 98 சதவீதம் செத்தால் மிச்சம் இரண்டு லட்சம். வாய்ப்பான சூழலில் ஸ்டஃபைலோகாக்கஸ் அரை மணிக்கு ஒருமுறை இரட்டிக்கும். மூன்று மணி நேரத்தில் பழையபடி ஒரு கோடி. எங்கள் ஆய்வகத்தில் 99.9 சதவீதத்துக்குக் கீழே போனால் "கொல்லும் மருந்து" என்ற பெயரையே கொடுக்கமாட்டோம். அந்தச் செய்தியை எழுதியவருக்கு 98 பெரிய எண்ணாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை. பரீட்சையில் அது நல்ல மதிப்பெண்தானே.

இவ்வளவு சொன்னதால் நான் மூலிகைக்கு விரோதி என்று சித்தப்பா முடிவு கட்டிவிட வேண்டாம். இந்தத் துறையில் எனக்கு உண்மையாகவே பிடித்த விஷயம் ஒன்று உண்டு. மரமஞ்சளில் பெர்பெரின் என்ற கசப்புப் பொருள் இருக்கிறது. தனியாக விட்டால் அது ஸ்டஃபைலோகாக்கஸிடம் பெரிதாக எதையும் சாதிக்காது. காரணம், கிருமியின் மேலுறையில் இருக்கும் ஒரு பம்ப், உள்ளே வந்த பெர்பெரினை உடனுக்குடன் இறைத்து வெளியே தள்ளிவிடுகிறது. பெர்பெரின் இருக்கும் சில செடிகளிலேயே இன்னொரு பொருளும் இருப்பதை 2000இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதற்குக் கிருமியைக் கொல்லும் சக்தியே கிடையாது. அந்தப் பம்பை அடைப்பது மட்டும்தான் அதன் வேலை. இரண்டும் சேர்ந்தால் கிருமி செத்தது. பல சரக்குகளைச் சேர்த்து மருந்து செய்த நம் சித்த வைத்தியர்களுக்கு இதைக் கேட்டால் வியப்பே வராது. ஆயிரம் ஆண்டுப் பழைய ஆங்கில மருத்துவச் சுவடி ஒன்றில் பூண்டு, வெங்காய இனம், திராட்சை மது, மாட்டுப் பித்தம் சேர்த்து ஒன்பது நாள் ஊறவைக்கும் கண் மருந்து ஒன்று உண்டு. 2015இல் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் அதைச் செய்துபார்த்தபோது எம்.ஆர்.எஸ்.ஏ.வைக் கொன்றது. சரக்குகளைத் தனித்தனியாக வைத்தபோது அந்த வேகம் வரவில்லை. இந்த வழியில்தான் எனக்கு நம்பிக்கை இருக்கிறது: தோற்றுப்போன ஆன்டிபயாடிக்குக்குத் துணையாக ஒரு தாவரப் பொருள். ஆனால் இவை இன்றுவரை பெரும்பாலும் தட்டிலும் எலியிலும்தான் நிற்கின்றன.

மனிதர்களிடம் ஒழுங்காகச் சோதித்துப் பார்த்ததும் உண்டு. தோலிலும் மூக்கிலும் எம்.ஆர்.எஸ்.ஏ.வைச் சுமந்தவர்கள் 224 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குத் தேயிலை மர எண்ணெய் கலந்த களிம்பும், மற்றதற்கு வழக்கமான மருந்தும் கொடுத்த பிரிட்டன் ஆய்வு 2004இல் வந்தது. எண்ணெய்ப் பிரிவில் 41 சதவீதம் பேரிடமும், வழக்கமான மருந்துப் பிரிவில் 49 சதவீதம் பேரிடமும் கிருமி நீங்கியது. மூக்கில் வழக்கமான மருந்தே தெளிவாக மேல். தோலின் மேற்பரப்பில் எண்ணெய் சளைக்கவில்லை. இது கிருமியைச் சுமப்பவர்களின் தோலைச் சுத்தம் செய்வது பற்றிய ஆய்வு. சர்க்கரை நோயாளியின் ஆழமான கால் புண்ணுக்கு இதை நீட்டக்கூடாது. கால் புண்ணுக்கென்றே 2023இல் வந்த சர்வதேச வழிகாட்டி நூல், மூலிகைப் பூச்சையும் தேனையும் புண் ஆற்றுவதற்குப் பரிந்துரைக்கவில்லை.

இப்போது கொல்லையிலுள்ள மரம். எனக்கு இதில் பெரிய சந்தேகம் இருக்கிறது. டர்பனைச் சுற்றிய நேட்டால் பக்கத்தில் பல வீடுகளில் அம்மன் பூஜைக்கும், அம்மை கண்ட பிள்ளையின் படுக்கையிலும் வேப்பிலை என்று வைப்பது உண்மையில் சிரிங்கா இலையை. சிரிங்கா என்பது நம் ஊர் மலைவேம்பு. வேம்புக்கு உறவுதான், ஆனால் வேம்பு அல்ல. போய்ப் பாருங்கள்: வேப்பிலை ஒரே ஈர்க்கின் இரு பக்கமும் வரிசையாக இருக்கும், சிரிங்காவின் ஈர்க்கு மறுபடியும் கிளைவிட்டு அதில் இலை இருக்கும். பூ வெளிர் ஊதாவாகப் பூத்திருந்தால், குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்ந்து மஞ்சள் காய்கள் கொத்துக் கொத்தாக மொட்டைக் கிளையில் தொங்கினால், அது சிரிங்கா. அந்தக் காய் விஷம். பிள்ளைகள் எடுத்துத் தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மனுக்கு எதை வைத்தாலும் அவள் ஏற்றுக்கொள்வாள். புண்ணுக்கு அதை அரைத்துக் கட்டாதீர்கள். மரம் அசல் வேம்பாகவே இருந்தாலும் என் பதில் மாறாது. அம்மியில் அரைத்த இலையோடு மண்ணிலுள்ள கிருமிகளும் சேர்ந்தே புண்ணுக்குள் போகும். சர்க்கரை நோயால் உணர்ச்சி மரத்துப்போன காலில் அது எரிந்தாலும் அப்பாவுக்குத் தெரியாது.

குப்பியில் உள்ளதை ஊகிக்க முடியாது என்பதுதான் அதன் ஆபத்து. "தரம், பாதுகாப்பு, பயன்பாடு குறித்து மதிப்பிடப்படாத, பதிவு செய்யப்படாத மருந்து" என்ற அறிவிப்பு லேபிளில் இருக்கிறதா பாருங்கள். நம் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையம் அதைப் போடச் சொல்கிறது. கடல் கடந்து தபாலில் வந்த குப்பி என்றால் அந்த அறிவிப்புகூட இருக்காது. இணையத்தில் விற்ற ஆயுர்வேத மருந்துகள் 193ஐ வாங்கிச் சோதித்த ஓர் அமெரிக்க ஆய்வில் ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. 2008இல் வந்த முடிவு அது. "சர்க்கரைப் புண்ணுக்கு" என்று விற்கும் சரக்குகளில் சிறுகுறிஞ்சானும் பாகற்காயும் சேர்ப்பது வழக்கம். கிளிக்லசைடும் கோட்ரைமாக்சசோலும் ஏற்கெனவே சர்க்கரையை இறக்கும்போது இவையும் சேர்ந்தால், விடியற்காலையில் அப்பா வியர்த்து மயங்கிக் கிடக்க நேரலாம். இயற்கையானது கெடுதல் செய்யாது என்ற பேச்சுக்கு டர்பனில் இடமே இல்லை. இம்பிலா என்ற கிழங்கைக் குடித்துக் கல்லீரலும் சிறுநீரகமும் கெட்டவர்களைப் பற்றி இந்த ஊர் மருத்துவர்கள் 1970களிலேயே எழுதிவிட்டார்கள்.

ஆகவே குப்பி மூடியே இருக்கட்டும். ரசத்திலும் குழம்பிலும் போடும் மஞ்சளையும் பூண்டையும் யாரும் நிறுத்த வேண்டாம்.

உண்மையில் அப்பாவின் புண் ஆறாததற்குக் கிருமியைவிடப் பெரிய காரணம் வேறாக இருக்கலாம். பெருவிரலுக்குக் கீழே இருக்கும் அந்த இடத்தில்தான் நடக்கும்போது உடலின் பாரம் அதிகமாக விழுகிறது. எந்த மருந்து போட்டாலும், ஒவ்வொரு அடியிலும் அது நசுங்கிக்கொண்டே இருக்கும். பாரத்தை இறக்கும் காலணியோ கட்டோ வேண்டும் என்று கிளினிக்கில் வற்புறுத்திக் கேளுங்கள். கேட்காதவர்களுக்கு அது கிடைப்பதில்லை. காலுக்கு ரத்தம் ஒழுங்காகப் போகிறதா என்று கணுக்கால் நாடியைப் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தம் போகாத இடத்துக்கு மாத்திரையும் போகாது. அப்பா புகை பிடிப்பவராக இருந்தால் நிறுத்த வேண்டும். சர்க்கரை அளவை நோட்டில் எழுதி வையுங்கள். வீட்டுக்குள்ளும் வெறுங்காலுடன் நடக்கக்கூடாது.

அடுத்த ஆண்டு காவடி பற்றி அப்பாவிடம் இப்போதே பேசுவது நல்லது, தை பிறந்தபின் பேசினால் கேட்கமாட்டார். நேர்த்திக்கடனை வேறு வழியில் செலுத்தக் கோயில் ஐயரிடமே கேட்கலாம். பால்குடம், அன்னதானம், அல்லது உங்கள் வீட்டில் இளையவர் ஒருவர் அவருக்காக நடப்பது எதுவானாலும் சரி. உணர்ச்சியற்ற காலோடு தீ மிதிப்பது மட்டும் கூடவே கூடாது.

சித்தப்பாவோடு சண்டை போடாதீர்கள். அண்ணன் காலை இழந்துவிடுவாரோ என்ற பயத்தில்தான் அவர் இரவெல்லாம் உட்கார்ந்து இணையத்தில் தேடியிருக்கிறார். கட்டு மாற்றப் போகும் நாளில் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். புண்ணின் ஓரத்தில் பேனாவால் கோடு வரைந்து, சிவப்பு அதைத் தாண்டுகிறதா என்று தினமும் பார்க்கும் வேலையை அவரிடம் கொடுங்கள்.

சிவப்பு கோட்டைத் தாண்டினாலோ, காய்ச்சலோ குளிர் நடுக்கமோ வந்தாலோ, புண்ணிலிருந்து துர்நாற்றம் வீசினாலோ, விரல் கறுத்தாலோ, காரணமில்லாமல் சர்க்கரை ஏறிக்கொண்டே போனாலோ கட்டு மாற்றும் நாள்வரை காத்திருக்காதீர்கள். அன்றிரவே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். மாத்திரை தொடங்கியபின் உடம்பெங்கும் தடிப்போ வாயில் புண்ணோ வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு அப்படியே போங்கள். ரிப்போர்ட்டையும் மாத்திரைப் பட்டியலையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். குப்பியையும்தான், அப்பா அதில் கொஞ்சமாவது குடித்திருந்தால் அங்கே மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.